ஞாயிறு பின்னேரத்துப் பேய்கள்

ஆங்கிலச் சேனல் ஒன்றில் ஞாயிறு பின்னேரங்களில் பேய்க் கதைகளின் வரலாற்றைக் காட்டுவார்கள். பேய்ப் படம் அல்ல. பழைய பேய்க் கதைகளையும் பேய்ப் படங்களையும் பற்றிய விவரணப் படம். கோதிக் இலக்கியம் என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, மெழுகுதிரி, மாடிப்படியில் ஓடும் ஒரு பெண், இவ்வளவுதான் சரக்கு. இதைச் சொல்ல நீண்ட கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் இடிந்த சுவர்களுக்கிடையே நடந்து வருவார். ஒரு வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திடீரென்று திரும்பிப் பார்ப்பார். பின்னால் ஒன்றும் இருக்காது. இருக்காது என்று அவருக்கும் தெரியும், கமரா பிடிப்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நாலைந்து வருடமாக ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை.

திட்டுவதற்காகவே பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொல்வேன். அது பொய். எனக்கு அவை பிடிக்கும். பிடித்த ஒன்றைக் கேலி செய்யாமல் பார்க்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த வாய், யாராவது பிழைவிடமாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருக்கும்.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். பனிமூட்டம் வந்தால் மனிதனுக்குப் பயம் வரும் என்று கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு அடங்காது. எங்களுக்குப் பனிமூட்டம் வந்தால் துணி காயாது. ஒரு ஞாயிறு, இரத்தம் குடிக்கும் பிரபுக்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார்கள். வெள்ளைப்பூண்டாம், சிலுவையாம், கூர் சீவிய மரக்கட்டையாம். எங்கள் மலையில் இரத்தம் குடித்தது அட்டை. காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு எங்கள் சனங்கள் கொழுந்தெடுக்கப் போனார்கள். அதற்கு யாரும் இலக்கியம் என்று பெயர் வைக்கவில்லை.

இந்தக் கேலியைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. மனைவி சரிப்படமாட்டாள். பேய் என்ற சொல் காதில் பட்டதுமே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். எனக்கு வாய்த்தவர் மடவளையில் செருப்புக் கடை வைத்திருக்கும் நானா. அவருடைய பிள்ளைகளுக்கு நான் வீடு தேடிப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவருக்கு சேர். நான் மட்டும் மாஸ்டர். கடைப் படியேறினால் ஒரு வார்த்தை கேட்காமல் எட்டாம் நம்பரை எடுத்து என் காலடியில் வைப்பார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இருந்தும் நானும் ஊரோடு சேர்ந்து அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்.

முன்பெல்லாம் ஞாயிறு பின்னேரங்களை அவர் தன் உம்மாவோடு கழித்தவர். கொரோனாவில் உம்மா மௌத்தான பிறகு, அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டுகஸ்தோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மத்தியானத் தொழுகையை முடித்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் சூடாக ரோல்ஸ் பார்சல் இருக்கும்.

அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளன். மனித மனத்தின் ஆழமான நிலவறைக்குள் இறங்குவோம் என்று கோட்டுக்காரர் சொன்னால், ஸ்டோர் ரூமில் வெங்காயம் எடுக்கப் போகிறாராம் என்று நான் சொல்வேன். நானா ரோல்ஸ் புரையேறச் சிரிப்பார். அடுத்த நிமிடம் ஒரு கதவு கிறீச்சிட்டால் கதிரைக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். பயப்படுவதற்கென்றே பஸ் ஏறி வருகிற மனிதர் என்று அவரையும் நான் மனதுக்குள் கேலி செய்ததுண்டு.

அவர் பார்க்கிற பார்வையே வேறு. இரவு உடுப்போடு ஓடுகிற பெண்ணைக் காட்டும்போதெல்லாம் அவருடைய கண் அவளது காலில்தான் இருக்கும். "இந்தக் குளிர்ல வெறுங்கால் மாஸ்டர். இந்தப் புள்ளக்கி ஒரு சோடி செருப்பு வாங்கிக் குடுக்க அந்த ஊட்டுல ஒரு ஆள் இல்லயா?" என்று ஒருநாள் கேட்டார். புத்தக அலுமாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று பேராசிரியர்கள் அளந்ததைவிட இது மேல் என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை. பாராட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் எடுத்த பிறகு கிழமையில் ஆறு நாளும் என்னிடம் பேச யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. அவர் வருகிற அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன். அது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தே இருந்தது.

அன்றைக்கு வந்தது, உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தைப் பற்றிய படம். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் சிலர் சவப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே தொங்கும் மணியொன்றுக்குக் கயிறு கட்டி வைத்தார்களாம். தப்பித் தவறி உள்ளே விழித்துக்கொண்டால் இழுக்கலாமாம். கோட்டுக்காரர் ஒரு கல்லறை மேல் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நானா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மணி அடிச்சா யாருக்கு மாஸ்டர் கேக்கிற?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. "மணியும் கயிறும் என்னாத்துக்கு நானா? எரிச்சுட்டா எந்திரிச்சு வர முடியுமா? சோலி முடிஞ்சுச்சு."

அவர் சிரிக்கவில்லை. விளங்கவில்லை போலும் என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன். நெருப்புக்குச்சி உரசுவதுபோல் கையாலும் காட்டினேன்.

நானா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எங்கட உம்மாக்குக் கபுறு இல்ல மாஸ்டர்."

எனக்குத் தெரியாத விஷயமல்ல. கொரோனாக் காலத்தில் அந்த நோயில் போனவர்களையெல்லாம் எரித்தார்கள். மண்ணில் அடக்குவதைத் தவிர வேறு வழக்கமே இல்லாத முஸ்லிம்களின் மையித்துகளையும் எரித்தார்கள். அவருடைய உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை. பிள்ளைகள் குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, போய் நிற்பதற்கு ஒரு கபுறும் இல்லை. அந்த நாட்களில் போன் எடுத்து, அநியாயம் நானா, அநியாயம் என்று சொன்னதும் இதே வாய்தான்.

அவர் கோபப்படவில்லை. படம் முடியும்வரை இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பினார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். முப்பது வருடமாக வகுப்பு வகுப்பாக அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஒப்புவிக்க வைத்தவனுக்கு, தேவைப்பட்ட நேரத்தில் எந்த மொழியிலும் அது வரவில்லை. வாசல்வரை போய், கோட்டுக்காரரின் நடையைப் பற்றி ஏதோ பகிடி விட்டேன். அவர் போனதும் குசினி வாசலில் நின்ற மனைவி, "மனுசன் பேசுற பேச்சா அது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோட்டுக்காரர் மட்டும் தவறாமல் வந்தார். முறையாக அடக்கப்படாதவர்கள்தான் திரும்பி வருவார்கள் என்றார். எவ்வளவு மலிவான வசனம். திரித்துச் சொன்னால் சிரிக்க ஆளில்லாததால் அது சொன்ன அர்த்தத்திலேயே எனக்குள் இறங்கியது. டீவியை நிறுத்திவிட்டேன். அந்தக் கோட்டுக்காரரைப் பார்த்து இத்தனை வருடம் விட்ட கேலியையெல்லாம் சேர்த்து வைத்தாலும், அன்று என்மீது எனக்கு வந்த அருவருப்புக்குக் கிட்ட வராது.

மூன்றாம் கிழமை மடவளைக்கு பஸ் ஏறினேன். வழிநெடுக ஒரு வசனத்தைக் கட்டினேன், கலைத்தேன், திரும்பக் கட்டினேன். கடையில் கூட்டமில்லை. நானா ஏணியில் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கடைக்கு வருகிற எல்லோருக்கும் கிடைக்கிற சிரிப்பு. முக்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சேர்," என்றார். "என்ன சைஸ்?"

கட்டி வைத்த வசனம் தொண்டைவரை வந்தது. எட்டு என்று சொன்னேன்.