இடப்பக்கத்து வண்டிகள்

ஸ்கில் பாயின்ட் சீக்கிரம் சேர வேண்டுமென்றால் ரேஸ் ஓட்டக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. நான் விளையாடுவது ஒரு நாட்டையே திறந்துவிட்ட கார் ஆட்டம். கடற்கரை, மலை, சோளக்காடு, நெடுஞ்சாலை, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். ரேஸில் முதலாவதாக வந்தால் கைதட்டல் உண்டு, பாயின்ட் கொஞ்சம்தான். பாயின்ட் கொட்டுவது சேட்டைக்கு. வேலியை உடைக்கணும், வண்டியைச் சறுக்க விடணும், மேட்டிலிருந்து பறக்கணும், அடுத்த வண்டியைத் தொடாமல் தொடுகிற தூரத்தில் தாண்டணும். கடைசியாகச் சொன்னதற்குப் பெயர் நியர் மிஸ். இவற்றை விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் செயின் ஆகும். செயின் நீள நீள ஒவ்வொரு சேட்டையின் மதிப்பும் பெருகும். நன்றாக எதிலாவது இடித்தால் போச்சு, செயின் அறுந்து கையிலிருந்தது அத்தனையும் பூஜ்யம். சேட்டையை விட்டுச் சில நொடி அமைதியாகப் போனால்தான் சேர்த்தது நம் பெயரில் ஏறும். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எப்போது அடங்குவது என்றும் தெரியணும்.

என் வழி இது. சேர்ந்த பாயின்ட்டைக் கொடுத்துக் காருக்கு வாங்கும் திறன்களில், செயினின் பெருக்கத்தைக் கூட்டுகிறதை முதலில் வாங்கிவிடுவேன். அப்புறம் நேராக நெடுஞ்சாலை. ஒரே திசையில் போகும் நான்கு லேன், இடமும் வலமும் வண்டி. ஊசியில் நூல் கோப்பதுபோல நடுவில் புகுந்து போவேன். காலேஜில் என் கூட்டத்தில் யாருக்கும் இந்த வேகத்தில் சேராது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

எங்கள் வீடு தாராவியில், நைன்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ளே, ஒரே அறை, மேலே பரண். வேலைக்காகப் புனே போன மாமா மகன் விட்டுப்போன கேம் பெட்டியை டிவியில் மாட்டியிருந்தேன். கட்டிலில் அமர்ந்து நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா தேநீரோடு வேடிக்கை பார்ப்பார். அவர் பஸ் டிரைவர். செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஸ்டாஃப் பஸ். என் வயதைவிட அதிக காலம் ஓட்டுகிறார். ஒரு விபத்து கிடையாது. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேச்சும் மாட்டியிருந்தது என்று சொல்லலாம், அவ்வளவு முறை கேட்டிருக்கிறோம்.

"ஏட்டி, இடிக்காம தப்பிச்சதுக்கா இம்புட்டு மார்க்கு குடுக்கான்?" என்றார் ஒருநாள். "நான் சயான் சர்க்கிள்ல நித்தம் தப்பிக்கேன். எனக்கு எவன் குடுத்தான்?"

"நான் சோறு போடுதேன்லா, அதான் மார்க்கு," என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா.

நான் கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தேன். எப்படியும் அப்பாவை ஒரு பெரிய செயின் போடவைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. விபத்தே இல்லாத மனுஷன், இதில் ராஜாவாக இருப்பார் என்று நினைத்தேன்.

இடித்துக்கொண்டே இருந்தார்.

"எங்கன இருந்து வந்தான் இவன்?" என்பார் ஒவ்வொரு முறையும். திரையில் எதிரே வந்த லாரியில் கார் நசுங்கிக் கிடக்கும். அவர் முகத்தில் வெட்கம்கூட இருக்காது, உண்மையான ஆச்சரியம்தான் இருக்கும். வெட்டவெளியிலிருந்து லாரி முளைத்ததுபோல.

எனக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது. நான் அப்படித்தான், எதற்கும் சட்டென்று காரணம் கண்டுபிடித்துவிடுவேன். ஆட்டத்தில் இருப்பது வெளிநாட்டு ரோடு. அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள், எதிர்வண்டி இடப்பக்கம் வரும். நம் ஊரில் எதிர்வண்டி வலப்பக்கம்.

"ஒங்க கண்ணு பூரா வலப்பக்கமே பழகிட்டுப்பா. அதான்."

"அதாம்ட்டி," என்று அவரும் ஒத்துக்கொண்டார். "நம்ம ரோடுன்னா இவனுவள ஒரு கை பாத்துருவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பம்பாயில் ஓட்டுகிற ஒருவருக்கும் அவர் மகளுக்கும்தான் அந்தக் காரணம் அத்தனை பொருத்தமாகத் தோன்றியிருக்கும்.

சரி, எதிர்வண்டியே வேண்டாம் என்று என் நான்கு லேன் நெடுஞ்சாலைக்கு அவரைக் கூட்டிப்போனேன். எல்லா வண்டியும் ஒரே திசை. வலப்பக்கம் இருந்த வண்டிகளை அவர் தாண்டிய அழகைச் சொல்லவேண்டும். கண்ணாடி உரசாத இடைவெளி, ஒவ்வொன்றும் நியர் மிஸ், என்னாலேயே அப்படி முடியாது. செயின் ஏறிக்கொண்டே போனது. நான் கட்டிலில் குதித்தேன். இடப்பக்கம் ஒரு வேன் வந்தது. வேன் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல அதற்குள் திரும்பினார்.

"எங்கன இருந்து வந்தான்?"

கன்ட்ரோலரின் இடது குமிழ் தேய்ந்திருக்கும் என்று வேறொன்றை இரவல் வாங்கி வந்தேன். அதே கதை. கட்டிலின் மறுகோடியில் உட்காரவைத்தேன். அதே கதை. வலம் முழுக்கத் தங்கம், இடம் முழுக்க நசுங்கல். அதற்குப்பிறகு எனக்கு ஆட்டம் ருசிக்கவில்லை. அவர் விளையாடும்போது நான் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில்தான் பிடிபட்டது. அம்மா தட்டைத் தூக்கப்போனவள் நின்றாள்.

"நாரத்தங்கா வைய்யி வைய்யின்னு உயிர எடுத்தீங்க. தொடவே இல்லியே?"

"எங்க வச்ச நீ?"

"இந்தா இருக்குல்லா, கண்ணு முன்னால!"

தட்டின் இடப்பக்கம், ஊறுகாய் வைக்கிற இடத்தில், வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பா தலையைத் திருப்பினார். பிறகு அதைப் பார்த்தார். "அட," என்றார்.

போனில் பார்த்த ஒரு சோதனை நினைவில் இருந்தது. அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். கையை அவருடைய வலப்பக்கம் நீட்டினேன்.

"எத்தன வெரலுப்பா?"

"ரெண்டு."

இடப்பக்கம் நீட்டினேன். ஆட்டினேன்.

"எத்தன?"

"இன்னும் காட்டலியேட்டி நீ."

ஒவ்வொரு கண்ணாக மூடவைத்துப் பார்த்தேன். எந்தக் கண்ணில் பார்த்தாலும் இடப்பாதி இல்லை. இருட்டாகக்கூட இல்லை, வெறுமனே இல்லை. பிறகு ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கண் பழுதில்லை, தலையின் பின்பக்கம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் எப்போதோ அடைத்திருக்கிறது. கணபதி விழா சமயத்தில் ஒருநாள் அப்பா தலைவலி என்று வாந்தி எடுத்துப் படுத்தார். பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தோம். அடுத்த காலை டூட்டிக்குப் போய்விட்டார். அதுவாக இருக்கலாம் என்றார் டாக்டர். பாதிப் பார்வை போனது தெரியாமலேயே பலர் நடமாடுவார்களாம்.

ஆனால் அந்த மத்தியானம் எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

"கம்பெனி கண்ணு கேம்ப்ல கடைசி வரி எழுத்து வரைக்கும் வாசிச்சேன்," என்றார் அப்பா. "கண்ணு ஏ-ஒன்னுன்னு சொல்லிட்டான். நீ போனப் பாத்துட்டு டாக்டராயிட்டியோ?"

"அப்ப பஸ்ஸுல இடப்பக்கம் எப்படிப்பா பாக்கீங்க?"

"அது கிளீனர் பாத்துக்கிடுவான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அந்தச் சொல்லின் கனம் தெரிந்திருக்க வேண்டும்.

கிளீனர் உத்தரப்பிரதேசத்து ஆள். பம்பாயில் தமிழ் டிரைவரை எல்லாரும் கூப்பிடுவதுபோல அப்பாவை "அண்ணா" என்பான். இடப்பக்க வாசலில் தொங்கிக்கொண்டு தகரத்தில் கையால் அடிப்பான். ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு அடி என்றால் போகலாம், படபடவென்று அடித்தால் பக்கத்தில் ஆள். நம் ரோட்டில் எதிர்வண்டி வலப்பக்கம் வரும், அதை அப்பா பார்ப்பார். இடப்பக்கம் என்ன இருக்கிறது? நடக்கிறவர்கள், சைக்கிள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். அத்தனை பேரும் அந்தத் தகர அடியில் பிழைத்திருந்தார்கள்.

அந்தக் கிளீனரைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். வாசலுக்குப் பட்டன் வைத்தாயிற்று, கேமரா வைத்தாயிற்று, இனி ஆள் எதற்கு என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். திங்கள் காலை அப்பா முதல்முறையாகத் தனியாக ஓட்டவேண்டும்.

"போகாதீங்கப்பா."

"வண்டி போகலன்னா ஆள மாத்திருவான். சூப்பர்வைசர் போனு அணைஞ்சு கெடக்கு. நாளைக்கு ஒரு நாளு ஓட்டிட்டு, சாயந்தரம் டாக்டர்ட்ட போவோம்."

"ஒரு நாளுதானட்டி," என்றாள் அம்மா. அவள் குரலில் பலமில்லை.

"அப்ப நானும் வாரேன். கிளீனர் சீட்டுல."

திங்கள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். காலி பஸ் பெரிதாக இருந்தது. இடப்பக்க வாசலோரம் கிளீனரின் மடக்கு சீட், அதற்கு அடியில் காலில் ஏதோ இடறியது. சின்ன பெயின்ட் டப்பா, மேலே காய்ந்த பிரஷ். பஸ்ஸின் அதே வெள்ளை.

"இது என்னதுப்பா?"

"எதுட்டி?" அவர் முழுத் தலையையும் திருப்பினார். ரோட்டை விட்டுத் திருப்பினார். "ஓ, அதுவா. வண்டிய மினுக்கா வச்சிருப்பான். அப்பப்ப டச்சப் பண்ணிக்கிடுவான்."

"முன்னால பாருங்க!"

மாட்டுங்காவில் சிலர் ஏறினார்கள், சயானில் நிறைந்தது. உட்கார்ந்ததும் போனில் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் கிளீனர் போலத் தகரத்தில் அடித்துக்கொண்டே வந்தேன். உள்ளங்கை காந்தியது. பால் சைக்கிள், அடித்தேன். ஆட்டோ மூக்கை நுழைத்தது, அடித்தேன். பள்ளிப்பிள்ளைகள் வரிசை. அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா இம்மியளவு வலப்பக்கம் ஒதுங்கினார். என் தலைக்குள் கேட்காமலேயே ஒவ்வொன்றும் எண்ணிக்கையாக ஏறியது. நியர் மிஸ். நியர் மிஸ். நியர் மிஸ். செயின் நீண்டுகொண்டே போனது. அது இன்று காலை தொடங்கிய செயின் இல்லை, எத்தனையோ நாளாக ஓடிக்கொண்டிருப்பது என்று திடீரென்று புரிந்தபோது கை ஒரு நொடி நின்றுவிட்டது.

செம்பூரில் ஸ்டாப்பை ஒட்டி நிறுத்த அப்பா இடப்பக்கம் ஒடித்தார். அங்கே ஒரு இட்லிக்காரர், தாராவியிலிருந்தே வருகிறவராக இருக்கும். சைக்கிள் கேரியரில் அலுமினிய அண்டா, ஹேண்டிலில் ரப்பர் ஹாரன். பஸ் வருவதைப் பார்த்து, நின்றுவிடும் என்று நம்பி, அவர் அப்படியே போய்க்கொண்டிருந்தார்.

"எப்பா, நிறுத்துங்க!"

அடிக்கவில்லை, அலறினேன். பிரேக்கில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். வெளியே அண்டா விழும் ஓசை கேட்டது. அந்த ஓசையைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்காமல் போயிற்று.

பிறகு தமிழில் வசவு வந்தது. அவ்வளவு நிம்மதியை எந்த வசவும் எனக்குத் தந்ததில்லை.

"ஏல, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஆளு போறது தெரியல?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள் சாய்ந்து, ரோடெல்லாம் இட்லி. அப்பா இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கன இருந்து வந்தான்?" என்றார். இந்த முறை அதில் ஆச்சரியம் இல்லை.

எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். பின்னாலிருந்து ஒருவர், "க்யா ஹுவா, அண்ணா? லேட் ஹோகா," என்று நேரமாவதைச் சொல்லிக் கடிந்தார். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் இறங்கி ஆட்டோ பிடிக்கப் போனார்கள். நான் இட்லிக்காரரின் அண்டாவை நிமிர்த்திக் கொடுத்து, அவர் திட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பஸ்ஸின் இடப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தேன்.

வெள்ளைமேல் வெள்ளை. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை, இடுப்பு உயரத்தில், தோள் உயரத்தில், பிரஷ் இழுத்த பட்டைகள். பழையதின்மேல் புதியது. கிளீனருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணாவுக்குச் சொல்லாமல், அண்ணாவின் பெயர் கெடாமல், பூசிக்கொண்டே வந்திருக்கிறான்.

"என்னட்டி பாக்க?"

"இறங்கி வாங்கப்பா."

வந்தார். நான் சொல்லாமலேயே தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி நின்றார். பிறகு உள்ளங்கையைத் தகரத்தில் வைத்து, பட்டைகளின்மேல் தடவிக்கொண்டே பின்சக்கரம்வரை நடந்தார். பெயின்ட்டுக்கு அடியில் இருந்த பள்ளங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். போனை எடுத்துச் சூப்பர்வைசரை அழைத்தார். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"சாப், தூஸரா டிரைவர் பேஜோ. மை நஹி சலாயேகா." வேறு ஆளை அனுப்புங்கள், நான் ஓட்டமாட்டேன், அவ்வளவுதான் சொன்னார்.

வேறு டிரைவர் வரும்வரை நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். நான் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான்.

"ஏட்டி, அந்த ஆட்டத்துல," என்றார், "செயின் அறுந்து போச்சுன்னா முன்னால சேத்ததும் போயிருமா?"

"சேந்தது போகாதுப்பா. கையில இருக்கது மட்டுந்தான் போவும்."

தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு மேலே, தோள் உயரத்துப் பட்டையில், ஒரு நீல நூல் பெயின்ட்டோடு சேர்ந்து காய்ந்திருந்தது. சட்டை நூலோ, பை நூலோ. ஒரு முனை மட்டும் வெளியே நீட்டி, போகிற வண்டிகளின் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா தடவிக்கொண்டு போனபோது அவர் விரல் அதன்மேல் ஒரு கணம் நின்றதை நான் பார்த்திருந்தேன்.