தின்னரில் ஊறிய ரப்பர்

என் தம்பியின் பைக் கார்புரேட்டரை நான் தொடவே இல்லை. அவன் அதைக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாராவியில் வாப்பா விட்டுப்போன பட்டறையில் நாங்கள் இருவரும் தோல் பை செய்கிறோம். வெட்டுவதும் தைப்பதும் அவன். சாயம் அடிப்பது நான். ஒரு மழைக்காலம் முடியும்போது, ஐரோலியில் ஒரு கம்பெனியில் பார்சல் வேலை கிடைத்திருப்பதாக வந்து சொன்னான். மாதச் சம்பளம், வாரம் ஒருநாள் லீவு. திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தன் பேரில் உள்ள பைக்கோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"தோல் நாத்தம் போதும் காக்கா. எம்புள்ள பக்கத்துல வரமாட்டேங்கான்" என்றான். அண்ணனைக் காக்கா என்றுதான் எங்கள் வீடுகளில் கூப்பிடுவோம். முப்பது வருஷமாக எனக்கு வராத நாத்தம் இந்தத் துரைக்கு வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனால் பட்டறையில் கத்தி பிடிக்க ஆளில்லை என்பது ஒரு பக்கம். அவன் தப்பித்துப் போகிறான், நான் கிடந்து சாகிறேன் என்பதுதான் உண்மையான வயிற்றெரிச்சல்.

மழை முழுக்கச் சும்மா நின்ற பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே கார்புரேட்டரைக் கழற்றினான். போனில் ஹிந்தி வீடியோ ஓடியது. அதில் சொன்ன ஸ்ப்ரேயை வாங்காமல், பட்டறையிலிருந்து ஒரு டப்பா தின்னர் எடுத்துவந்தான். எங்கள் ஆட்களுக்குத் தின்னர்தான் சர்வரோக நிவாரணி. கையில் பசையா, தரையில் சாயமா, எல்லாவற்றுக்கும் அதுதான். பித்தளை ஜெட், மிதவை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டான். கடைசியாக பிஸ்டனையும் போட்டான், அதன் தலையில் குடை மாதிரி ஒட்டியிருந்த மெல்லிய கறுப்பு ரப்பரோடு.

ரப்பரைத் தின்னரில் போடக் கூடாது. சாயம் அடிக்கிற ஸ்ப்ரே கன்னின் ரப்பர் வாஷரை ஒருமுறை அப்படி ஊறவைத்துவிட்டு வாப்பாவிடம் செவிட்டில் வாங்கியவன் நான். தம்பி அந்தக் கன்னைத் தொட்டதே இல்லை, அவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து தந்தாள். குடித்துமுடிக்கும்வரை அங்கேயே நின்றேன். "நல்லா ஊறட்டும்லே" என்று வேறு சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தபோது ரப்பர் பொரித்த அப்பளமாக விரிந்திருந்தது. அது உட்கார வேண்டிய பள்ளத்தில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. விரலால் திணித்து, மூடியைப் போட்டு இறுக்கினான். பைக் ஸ்டார்ட் ஆனது. அவன் மனைவி சிரித்தாள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் முக்கி முனகியது. "ஓட ஓடச் சரியாயிரும்" என்றேன்.

திங்கள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான். சுனாபட்டி தாண்டவில்லை. எவ்வளவு முறுக்கியும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகவில்லையாம், பிறகு அதுவும் இல்லையாம். அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஐரோலிக்குப் போன் செய்தபோது ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அவன் மனைவி எதிரிலேயே, "ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதவனுக்குக் கம்பெனி வேல" என்று கேலி செய்தேன். அவன் கார்புரேட்டரைத் திரும்பக் கழற்ற உட்கார்ந்தான்.

கழற்றி வெயிலில் போட்டிருந்த ரப்பர், புதன்கிழமை காய்ந்து தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாட்டினான். பைக் சும்மா சீறியது. அதை நிறுத்திவிட்டு நேரே பட்டறைக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தான்.

"தப்பு எம்மேலதான் காக்கா. ஒன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றான்.

"கேட்டிருக்கணும்லா" என்றேன்.

அன்றிலிருந்து எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. பைக்கை விற்கலாமா என்று கேட்டான், விற்கச் சொன்னேன். மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கேட்கிறான். காய்ச்சலுக்கு எந்த டாக்டர் என்று கேட்கிறான். எனக்கு அது கூசுகிறது, பிடித்தும் இருக்கிறது. போன வாரம் செம்பூரில் ஒரு வேலை இருப்பதாக யாரோ சொன்னார்களாம். போகலாமா காக்கா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்றேன். சரி என்று குனிந்து தோலை வெட்ட ஆரம்பித்தான்.