எட்டுத் திறமைகளும் இரண்டு பற்களும்

போன வியாழக்கிழமை விழுப்புரத்தில் பல் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். என் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் என்னுடையவை அல்ல, செய்து பொருத்தியவை. அவற்றில் ஒன்று இட்லி தின்னும்போது கழன்றுவிட்டது. (இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். வீட்டைத் தவிர மற்ற இடங்களில் கரும்பு கடித்தேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.) எங்கும் கிராம்பு எண்ணெய் வாசனை. பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது தவறு, இருந்தாலும் பார்த்துவிட்டேன். குதிரை மேல் ஒரு வீரன். ஒரு சண்டையை முடித்துவிட்டு நிற்கிறான். அவனுக்குப் புதிதாக ஒரு திறமை தரவேண்டும், எது என்று கேட்டுத் திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன. அவள் படிக்காமலே இடப்பக்கத்துப் பெட்டியைத் தட்டினாள்.

“படிச்சுட்டு எடும்மா” என்று வாய்வரை வந்தது. முன்பல் இல்லாத வாயால் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். என் பற்கள் இரண்டும் போனதே அந்த மாதிரிப் பெட்டி ஒன்றினால்தான்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை, பத்து கம்ப்யூட்டர், அவற்றில் ஆறு ஓடும். தூசி வரக்கூடாது என்று செருப்பையும் பையையும் வெளியே வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். கதவில் ஒட்டிய தாளையும் நானே டைப் செய்து, ஓரங்களை அளவுகோல் வைத்து வெட்டினேன். சட்டத்தின் பலன், மூடிய அறையில் நாள் முழுவதும் சாக்ஸ் நாற்றம். இன்றைக்கும் எங்காவது ஏசி அறையில் அந்த நாற்றம் அடித்தால் எனக்குக் கை பரபரக்கும். காலால் வந்த வாசனைக்குக் கை ஏன் பரபரக்கவேண்டும் என்றால், அது அன்புவின் வாசனை.

அன்பு என்னோடு வேலை செய்த இன்னொரு ஆசிரியன். கிளியனூர்க்காரன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஒரு சாண் உயரமானவன். நான் எப்போதும் டைரி எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு ‘டைரி’ என்று பெயர் வைத்துவிட்டான். மாணவிகள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவான். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை வகுப்பு கிடையாது. சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, மூலையிலிருந்த ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருவரும் அந்த ஆட்டத்தை ஆடுவோம்.

அவசரம் இல்லாத ஆட்டம் அது. ஒருவர் தன் முறையை முடித்தபிறகே அடுத்தவர் முறை வரும். ஒரே திரை என்பதால், ஒருவன் ஆடும்போது மற்றவன் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செருப்புகளுக்கு நடுவே நிற்கவேண்டும். இதுவும் என் சட்டம்தான். அவசரம் இல்லை என்றால் சாதுவான ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எலும்புக்கூடுகள் குதிரைகளின் வயிற்றைக் கிழிக்கும். கோடரி இறங்கியதும் அலறல் கேட்கும். ஒரு ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்ததால் எவன் செத்தாலும் இடப்பக்கமிருந்துதான் அலறுவான். செத்தவர்கள் செத்த இடத்திலேயே கிடப்பார்கள். அவர்கள் மேல் ஏறி நின்றுதான் அடுத்தவன் வெட்டவேண்டும்.

வெட்டி ஜெயித்த வீரனுக்குத் திறமைகள் சேரும். மொத்தம் எட்டே இடம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பெட்டி வரும், ஒன்றைத்தான் எடுக்கலாம், எடுத்ததைத் திருப்பித் தர முடியாது. அட்டாக் எடுத்தால் வெட்டு ஆழமாக விழும். ஆர்ச்சரி எடுத்தால் அம்பு தூரம் போகும். விஸ்டம் எடுத்தால் பெரிய மந்திரங்கள் கிடைக்கும். டிப்ளமசி என்று ஒன்று உண்டு. அதை எடுத்தவனிடம் வழியில் நிற்கும் படைகள் சண்டை போடாமல் சேர்ந்துகொள்ளும். அதை நாங்கள் இருவருமே எடுத்ததில்லை. வெட்டாமல் சேரும் படையில் என்ன ருசி இருக்கிறது?

நான் ஒவ்வொரு பெட்டிக்கும் யோசிப்பேன். அன்பு கண்ணாடிக் கதவைத் தட்டுவான்.

“இன்னா டைரி, பொண்ணா பாக்குற? ஒரு பொட்டிய எடுக்க எவ்ளோ நேரம்? காலு கடுக்குதுய்யா.”

“எட்டு இடம்தான் கீது அன்பு. தப்பா எடுத்தா அவ்ளோதான்.”

“ஓங்கி வெட்டறவனுக்கு ஒரு இடம் போதும். ஜல்தி வா.”

அவன் எடுத்த திறமைகளையும் சேர்த்து நான் டைரியில் எழுதிவந்தேன். எந்த நாள், எந்த இரண்டு பெட்டிகள் வந்தன, எதை எடுத்தான். நான்கு வருடத்தில் மூன்று டைரிகள் இதனாலேயே தடித்தன. அந்தப் பழக்கத்தை நான் உயர்வாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை சென்டர் முதலாளி வந்தார். யார் முகத்துக்கு நேராகவும் ‘இல்லை’ என்று சொல்ல வராத மனிதர். “திண்டிவனத்த மூடறேன்பா. விழுப்புரம் பிராஞ்சில ஒரு ஆளுக்குத்தான் இடம் கீது. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். நீங்களே பேசி முடிவு பண்ணி சனிக்கிழமை சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வேலை நிலையானதா என்பது. அன்புவுக்கு வேலை போனால் கிளியனூரில் அப்பாவின் வேர்க்கடலை நிலம் காத்திருந்தது. அதற்குப் பயந்துதான் அவன் படித்தான். “வெயில்ல மல்லாட்ட புடுங்க என்னால ஆவாது” என்று அடிக்கடி சொல்வான். அன்று மாலைவரை இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. பஸ் ஏறும்போது அவன்தான் சொன்னான்.

“பேசினா பேஜாரு டைரி. நீ அழுவ, நான் அடிப்பேன். ஆடிடலாம். யார் கோட்டை விழுதோ அவன் போயிடறது.”

நான் உடனே சரி என்றேன். அதில்தான் என் யோக்கியதை தெரிகிறது. என்னிடம் அவனைப் பற்றி மூன்று டைரிகள் இருந்தன.

செவ்வாயும் புதனும் ரத்தம் மட்டுமே. அவன் என் சுரங்கங்களைப் பிடித்துக் காவலர்களை வெட்டினான். நான் அவன் கிராமங்களை எரித்தேன். இரண்டு ராஜ்ஜியங்களுக்கும் நடுவே ஒரு கணவாய், அதில் ஏழு டிராகன்கள் காவல். அவற்றை மோதி ஜெயிக்க யாராலும் முடியாது. புதன் மாலை பஸ்ஸில் உட்கார்ந்து என் திட்டத்தை டைரியில் எழுதினேன். ‘அன்பு முன்னால் எது நின்றாலும் மோதுவான். டிராகன்களோடு மோதிச் சாவான். பிறகு நான் நடந்து போய்க் கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். அவன் பெட்டியைப் படிப்பதே இல்லை. நாய் எலும்பை எடுப்பதுபோல அட்டாக்கை எடுப்பான்.’ எழுதிவிட்டுச் சிரித்ததாகவும் ஞாபகம்.

வியாழக்கிழமை என் முறை. எட்டாவது இடத்துக்கு வந்த இரண்டு பெட்டிகளுக்கும் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அன்று கதவு தட்டப்படவே இல்லை. வெளியே அவன் இருந்தான். அவன் காலடியில் என் பை இருந்தது, பைக்குள் டைரி இருந்தது.

வெள்ளி மதியம் அவன் கதவைத் திறந்து, “வா, பாரு” என்றான். ஏழு டிராகன்களும் அவன் படையில் இருந்தன. அவற்றோடு என் கோட்டை வாசலில் நின்றான். கடைசி இடத்துக்கு டிப்ளமசி எடுத்திருந்தான். ஒரு கீறல் இல்லாமல் ஏழும் அவன் பக்கம் போயிருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது சண்டையல்ல, எரிப்பு. என் வில்லாளிகள் நின்ற இடத்திலேயே கருகினார்கள். இடப்பக்க ஸ்பீக்கர் ஓயாமல் அலறியது. கடைசி ஆள் விழுந்ததும் அன்பு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“நாய் எலும்ப எடுக்கறாப்பலதான எடுப்பேன் நானு?”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த நொடியில் எனக்கு அவமானம் தெரியவில்லை, அவன் என் டைரியைத் தொட்டுவிட்டான் என்பது மட்டும்தான் தெரிந்தது. விரித்த கையால் அவன் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். வாழ்க்கையில் நான் அடித்த ஒரே அடி. பையில் காற்றடைத்து உடைத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

அவன் காதுக்குள் விரலை விட்டு எடுத்து, விரல் நுனியைப் பார்த்தான். ரத்தம். பிறகு இரும்பு ஸ்டூலைத் தூக்கி என் வாயில் இறக்கினான். கீபோர்டின் மேல் விழுந்தேன். என் பற்கள் எழுத்துக்கட்டைகளுக்கு நடுவே கிடந்ததைப் பார்த்தேன். எழுவதற்குள் மவுஸ் ஒயரை என் கழுத்தில் சுற்றி இழுத்தான். கண் இருட்டியது. கைக்குக் கிடைத்த மணிக்கட்டை மிச்சப் பற்களால் எலும்புவரை கடித்தேன். அவன் முழங்காலால் என் விலாவில் குத்தினான். ஒருவரையொருவர் கொன்றுவிடத்தான் பார்த்தோம். இதில் மிகை இல்லை.

கதவு திறந்தது. இரண்டு மணி வகுப்புக்கு வந்த ஒரு மாணவி, செருப்பை முறையாக வெளியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“சார், கிளாஸ் இருக்குங்களா?”

அன்பு ஒயரைத் தளர்த்தினான். “இல்லம்மா. சிஸ்டம் ரிப்பேரு.”

அவள் போய்விட்டாள். அவன் குழாயில் கையைக் கழுவி, கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு இறங்கிப் போனான். நான் தரையைத் துடைத்து, கீபோர்டைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். என்னை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வேலை அவனுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் சென்டருக்குப் போனேன். முதலாளி என் வீங்கிய வாயைப் பார்த்தார்.

“வாய் இன்னாபா ஆச்சு?”

“வண்டில விழுந்துட்டேன் சார்.”

“அன்பு எங்க?”

அவன் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்தோம். பிறகு அவர், “சரி, இன்னா முடிவு பண்ணீங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “அன்பு ஊர்லயே நெலத்த பாத்துக்கறேன்னுட்டாரு சார். நான் வர்றேன்.”

“நல்லதாப் போச்சு” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அந்த வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். கல்யாணப் போட்டோக்களில் ஒன்றில்கூட நான் வாய் திறக்கவில்லை. இப்போது அந்த விழுப்புரம் பிராஞ்சும் மூடி, அங்கே டைல்ஸ் விற்கிறார்கள்.

அன்புவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு உறவினரைப் பார்த்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்காக அங்கிருந்தே பஸ் ஏறி, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தேன். கறுத்து, கை காய்த்து, முன்தலை வழுக்கையாகியிருந்தான். நான் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் வா டைரி. அந்தக் காது வேலை செய்யறதில்ல” என்று எழுந்து என்னோடு இடம் மாற்றிக்கொண்டான்.

மழை பற்றிப் பேசினோம். மல்லாட்டை விளைச்சல் பற்றிப் பேசினோம். கிளியனூர் நெருங்கியபோது கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அந்த சனிக்கிழமை நீ வந்திருந்தா கொடுத்திருப்பேன் அன்பு. ஏன் வரல?”

“வந்தனே” என்றான் சாதாரணமாக. “படிக்கட்டுகிட்ட கீழ நின்னுக்கினு இருந்தேன். நெலத்த பாத்துக்கறேன்னுட்டாருன்னு சொன்ன பாரு, அதக் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

“அவ்ளோ கீழ கேட்டிருக்காது.”

“நல்ல காது ஒண்ணு மிச்சம் இருந்துதில்ல?” என்றான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

நான் சந்தேகப்பிராணி. எதையும் சரிபார்க்காமல் எழுதமாட்டேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன், வீங்கிய வாயால் சொன்னேன், கதவும் சாத்தியிருந்தது. அது கீழே கேட்குமா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். மேலே யாரையாவது நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு, படியடியில் நானே நின்று பார்க்கலாம். ஒருவேளை அவன் ஊகித்துச் சொல்லியிருக்கலாம், இல்லையா?

போன மாதம்தான் திண்டிவனம் போனேன். சாலையை அகலப்படுத்தியதில் அந்தக் கட்டடத்தையே எடுத்துவிட்டார்கள். படிக்கட்டு இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை. அன்பு நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தார் மூடியிருந்தது, லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாடியின் உயரத்தைக் கண்ணால் கணக்குப் போட்டு அண்ணாந்து பார்த்தேன். நான் அந்த வாக்கியத்தைச் சொன்ன இடத்தில் ஒரு கேபிள் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.