குகைப் பெண்ணும் ஜெராக்ஸ் கடைக்காரரும்

நான் நாளிதழில் வேலை பார்க்கிறேன். ஒரு குகையில் கிடைத்த சின்ன எலும்புத் துண்டைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தேன். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு அது. அவளுடைய தாய் ஒரு மனித இனம், தகப்பன் இன்னொரு மனித இனம். இடம்பெயர்ந்த கூட்டங்கள் சந்தித்துக் கலந்ததற்கு அவளே சாட்சி என்று பெருமையாக முடித்திருந்தேன்.

கட்டுரை வெளியான அன்று அதை நகலெடுக்க நெல்லித்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். சிறிய கண்கள், அகன்ற கன்னம். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர் என்று நானே முடிவுசெய்து, அரைகுறை இந்தியில் பேசினேன்.

"தமிழ்லயே சொல்லுங்க சார். நான் பொறந்ததே இந்தத் தெருவுலதான்" என்றார். "எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல சைகோன் போனவரு. அந்த ஊருப் பொண்ணையே கல்யாணம் கட்டி இட்டாந்துட்டாரு. கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு எந்த ஊருன்னுதான் கேக்குறாங்க."

நகலெடுத்தபடியே கட்டுரையைப் படித்தார்.

"இந்தக் குகைப் பொண்ணும் என்னை மாதிரிதான் போல. பாவம், அதையும் எந்த ஊருன்னு கேட்டே சாவடிச்சிருப்பாங்க" என்று சிரித்தார்.

எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்பும் கேட்காமல் நகல்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்தியில் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போடுவது எங்கள் வழக்கம். இது மட்டும் தாமதமாகிவிட்டது. திருத்தம்: அவர் நெல்லித்தோப்புக்காரர்.