சிலிண்டரைச் சுற்றிய துணி

பர்மாவில் எங்கள் வேதக்கோயில் வளாகத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அக்கா போவாள். நான் க்யிம்யிண்டைங் சந்தையில் துணிக்கடையில் நிற்பேன். அக்கா வீட்டுக்கு வந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே திருப்பிச் சொன்னதுதான் என் படிப்பு.

ஒருநாள் விக்டோரியா ராணி காலத்துக் கதைப்பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். தின்னக் கூடாத பழத்தைத் தின்று தங்கை வாடிப்போகிறாள். அக்காக்காரி அந்தப் பழக்காரக் கூட்டத்துக்குள் தனியாகப் போய், அடியும் இடியும் வாங்கி, மருந்தோடு திரும்புகிறாள்.

"இதுல வீரர் யாருன்னு டீச்சர் கேட்டாங்க. ஆம்பளையே இல்லாத கதையில வீரர் எங்கேருந்து வருவாருன்னு பையனுங்க சிரிச்சானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"நானும் சிரிச்சேன்டி. வாளு இல்ல, குதிரை இல்ல. வாங்குனது அடி. அதுக்குப் பேரு வீரமா?"

நமக்குப் பழமொழிக்குப் பஞ்சமில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொல்லிவைத்தவர்கள், தங்கை உடையாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது எனக்கு உறைத்தது பல வருஷம் கழித்து, கொரோனாவின் அந்த மழைக்காலத்தில்.

எனக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. கோயிலில் இரவல் வாங்கிய சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் காலியாகிவிட்டது. ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில்தான் நிரப்பித் தந்தார்கள். மாவ்பி ஊரிலிருந்து அண்ணன் போனில் கத்தினார்: "பொம்பளை நீ எங்கே போவே? வரிசையில ஆம்பளைங்களே அடிச்சுக்கிறாங்க. நான் ஆள் பார்த்து அனுப்புறேன்."

"நீங்க ஆள் பாருங்கண்ணே. அதுவரைக்கும் இவ மூச்சு தாங்காது."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைக் குப்புறப் படுக்கவைத்தாள். "பேசாதே. நீ வாயை மூடினாலே பாதி ஆக்சிஜன் மிச்சம்" என்றாள். மழையில் இரும்பு வழுக்கும் என்று, கைக்கு அகப்பட்ட துணியைச் சிலிண்டரில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு விடிந்ததும் கிளம்பினாள்.

அகப்பட்டது அவளுடைய பழைய தமெய்ன். பெண்கள் இடுப்பில் கட்டும் துணி. அது ஆணின் தலைக்கோ தோளுக்கோ மேலே வந்தால் அவன் மேன்மை போய்விடும் என்பது பர்மியர் நம்பிக்கை. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்து மரியாதைக்காக எங்கள் தமெய்ன்களைக் கொல்லையில்தான் காயப்போடுவோம். அன்று அக்காவுக்கு அது நினைவில் இல்லை.

நிரப்பிக்கொண்டு காய்கறி லாரியில் தொற்றி வந்து சந்தையில் இறங்கினாள். எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. தெருமுனையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் பர்மியர் ஓடிவந்தார். அவர் வண்டி தண்ணீரில் போகாது.

"அமா, தோள்ல வைங்க, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று பர்மியத்தில் அக்கா முறை சொல்லி அழைத்தவர் துணியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "அதை மட்டும் அவிழ்த்துடுங்க."

நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தாள். அவர் தலை குனிந்து நின்றார்.

"பரவாயில்ல அகோ, வழி விடுங்க" என்று அக்காவும் அண்ணன் முறை சொல்லி நடந்தாள்.

ஜன்னல் வழியாக அவள் வருவதைப் பார்த்தேன். வலது தோளில் சிலிண்டர். இடது கை தண்ணீரில் துழாவியது. நடுவில் இரண்டு முறை நின்றாள். நிற்கும்போதெல்லாம் என் மூச்சையும் யாரோ பிடித்து நிறுத்தியது போலிருந்தது. உள்ளே வந்து குழாயை என் மூக்கில் மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பாட்டுல வர்ற..."

"பேசாதேன்னு சொன்னேன்ல."

நான் பிழைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் சைக்காக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் மனைவிக்கு மூச்சு முட்டுகிறதாம். முந்தின நாள்தான் நிரப்பி வைத்த சிலிண்டர் மூலையில் இருந்தது, தமெய்ன் சுற்றியபடியே. அக்கா கத்தரிக்கோல் தேடினாள்.

"வேணாம் அமா, நேரமில்ல" என்றார். துணியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். காது அந்தத் துணியில் உரசியது.

அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

சிலிண்டரை அவர் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் துணி இல்லை. அதைத் துவைத்து, காயவைத்து, மடித்து, தனியே இரண்டு கையாலும் ஏந்தி அக்காவிடம் நீட்டினார். அக்காவும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டாள்.