ஒரே ஒரு தரம் டிரா கேட்பது

இணையத்தில் செஸ் ஆடத் தொடங்கிய புதிதில் என்னை ஒருவர் பிச்சைக்காரன் என்று சொல்லிவிட்டார். எந்த நாட்டுக்காரரோ தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி இருந்தது, அந்தக் கொடியும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அவரிடம் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை டிரா கேட்டிருந்தேன். "பிச்சை கேட்பதை நிறுத்து" என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, இனி என்னோடு ஆட முடியாதபடி தடையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். புணேயின் சாங்வியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த சைபர் கஃபேயில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கி என்னை இன்ஜினியர் ஆக்கியது இதைக் கேட்கவா என்று தோன்றியது.

டிரா என்றால் யாருக்கும் வெற்றியில்லை, ஆளுக்கு அரைப் புள்ளி. இணையத்தில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. நாம் அழுத்தினால் எதிராளியின் திரையில் 'டிராவுக்குச் சம்மதமா' என்று வரும். அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ அழுத்துவார். அவ்வளவுதான் விஷயம். இதில் என்ன மரியாதை, என்ன அவமரியாதை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒருமுறை மட்டும் கேட்டுப் பழக்கமில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வந்தவரைச் சாப்பிடச் சொன்னால் அவர் "இப்பத்தான் ஆச்சு" என்பார். மறுபடி கேட்டால் "அதெல்லாம் வேணாம்மா" என்பார். மூன்றாம் முறை கேட்கும்போது கையைக் கழுவிக்கொண்டு உட்காருவார். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசம். அதே கணக்கில் நானும் டிரா கேட்டேன். முதல்முறை மறுக்கிறாரா, சரி, முறைக்கு மறுக்கிறார், இன்னும் இரண்டு காய் நகர்த்திவிட்டுக் கேட்போம் என்று.

எனக்கு யாராவது டிரா கொடுத்தால் அதுவும் இதே கதைதான். உள்ளுக்குள் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் முதல்முறை வேண்டாம் என்று அழுத்திவிடுவேன். உடனே சரி என்றால் அலைகிறான் என்று நினைப்பார்களே. இன்னொரு முறை கேட்கட்டும் என்று காத்திருப்பேன். வெள்ளைக்காரன் எங்கே இன்னொரு முறை கேட்கிறான். ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும், பலகையில் காய்கள் உதிர்ந்துகொண்டே வரும், கடைசியில் பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

அம்மாவுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. நாங்கள் அப்பாவின் தொழிற்சாலை கொடுத்த கட்கி குவார்ட்டர்ஸை விட்டுச் சாங்விக்கு வாடகைக்கு வந்திருந்த சமயம். எதிர்வீட்டு மராத்திக்காரப் பெண் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவலைத் தாளித்துச் செய்கிற போஹா வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். அம்மா வேண்டாம் என்றிருக்கிறாள். திரும்பி வந்து பையை வைத்ததும் வைக்காததுமாக என்னிடம் ஆரம்பித்தாள்.

"ஒருவாட்டி வேணாம்னு சொன்னேன்டா. நெஜம்னு நெனச்சுனு தட்ட எடுத்துனு உள்ள பூட்டா."

"நீதானம்மா வேணாம்னே."

"சொல்லுவாங்கதான். அதுக்குன்னு?"

அவளுக்குப் பசி. வேர்க்கடலை போட்டுத் தாளித்த வாசனை வேறு. சிரித்துக்கொண்டே உப்புமா கிண்டப் போனாள். எனக்கு மட்டும் அன்றைக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் பழக்கம் விட்டால்தானே.

விட வைத்தவர் எங்கள் அலுவலகத்து டீம் லீடர். அவுந்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவரை எல்லோரும் தாயீ என்றே கூப்பிடுவார்கள், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். ஊரின் பழைய பேட்டைப் பகுதியில் பிறந்து வளர்ந்த அசல் புணேக்காரர். எங்கள் அலுவலகத்துக்கும் சென்னைக் கிளைக்கும் வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் செஸ் போட்டி நடக்கும், பக்கத்துக்கு ஐந்து பேர். அதற்கும் அவர்தான் தலைவி. போட்டி ஆரம்பித்த வருடத்திலிருந்து கேடயம் சென்னையை விட்டு அசைந்ததே இல்லை.

அந்த வருடம் ஐந்தாவது இடத்துக்கு என்னையும் பக்கத்து மேஜைக்காரனையும் வைத்து யோசித்திருக்கிறார்கள். அவன் பள்ளியிலேயே பரிசெல்லாம் வாங்கியவன். எல்லோரும் அவனைச் சொல்ல, தாயீ மட்டும் நான்தான் என்று நின்றிருக்கிறார். அவர் சொன்ன காரணம், பலகையில் காய் குறைந்த பிறகு இவன் தடுமாறுவதில்லை என்பது. அது உண்மைதான். கொடுத்த டிராவையெல்லாம் மறுத்து மறுத்து, எல்லா ஆட்டத்தையும் கடைசிச் சிப்பாய் வரை ஆடியே தீரவேண்டிய கட்டாயத்தில் வந்த திறமை அது. இதை அவரிடம் சொன்னபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு இந்தியில் சொன்னார்.

"எங்க வீட்டுல வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நடுவுல ஒண்ணும் கிடையாது. செஸ்ஸும் எங்க வீடு மாதிரிதான், தெரிஞ்சுக்கோ."

அதோடு விடவில்லை. தேநீர் நேரத்தில் உட்காரவைத்து எனக்கு டிரா மரியாதை முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். தோற்கிற நிலையில் இருந்துகொண்டு கேட்கக்கூடாது. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்கக்கூடாது. நம் காயை நகர்த்திவிட்டு, அந்தக் கையோடு கேட்கவேண்டும். மறுத்துவிட்டால் அவராகக் கேட்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. முந்தைய வருடம் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்ததில் இரண்டு கிளைக்கும் மனஸ்தாபம் ஆகியிருந்தது. அதனால் இந்த முறை விதியாகவே போட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்: ஆளுக்கு ஒரு தரம்தான். இரண்டாம் தரம் கேட்டால் ஆட்டம் தோற்றதாகக் கணக்கு. டிராவைப் பற்றிப் பேச்சும் கூடாது.

போட்டி ஒரு சனிக்கிழமை மத்தியானம். கான்ஃபரன்ஸ் அறையில் ஐந்து கம்ப்யூட்டர். என் எதிராளி சென்னைக் கிளையின் கணக்குப் பிரிவில் பெரியவர். ஆரம்பித்ததுமே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்: "வணக்கம் தம்பி. பாத்து ஆடுங்க." நானும் "வணக்கம் சார்" என்று தட்டினேன். அத்தனை பெரிய இங்கிலீஷ் அறையில் அந்த ஒரு வரி எனக்குச் சொந்தக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மற்ற நான்கு ஆட்டமும் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. என்னுடையது மட்டும் பாக்கி. ஆளுக்கு ஒரு யானை, ஆளுக்கு நான்கு சிப்பாய். எல்லாம் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றன. இருவரும் ஒழுங்காக ஆடினால் டிரா, அவசரப்பட்டவன் தோற்பான். டிராவானால் கேடயம் இரண்டு கிளைக்கும் பாதிப் பாதி. அதுவே எங்களுக்கு இதுவரை காணாத பெருமை. நான் தோற்றால் பக்கத்து மேஜைக்காரனுக்குப் பதில் என்னைப் போட்டதற்காகத் தாயீ திங்கட்கிழமை எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டும். அவன் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தான்.

சொல்லிக்கொடுத்தபடியே யானையை நகர்த்தினேன், அந்தக் கையோடு டிரா பொத்தானை அழுத்தினேன். பதில் வர நேரமானது. பிறகு மறுப்பு வந்தது, அவருடைய ராஜா ஒரு கட்டம் முன்னால் நகர்ந்தது. கூடவே அரட்டைப் பெட்டியில் ஒரு வரி: "இருக்கட்டும் தம்பி, பரவாயில்ல."

தாயீ என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் மறுத்துவிட்டார், ஜெயிக்கப் பார்க்கிறார், ஜாக்கிரதையாக ஆடு என்றார்.

எனக்கு அப்படிப் படவில்லை. ஜெயிக்க நினைப்பவர் இருக்கட்டும் என்று சொல்லமாட்டார். அது என் மாமா இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்கிற 'இருக்கட்டும்'. விரல்களுக்கு நடுவே இடம் விட்டுத்தான் மறைப்பார். இவருக்கு டிரா வேண்டும், இன்னொரு முறை கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்டால் தோற்றேன். அவருக்கும் ஒரு தரம் பாக்கியிருக்கிறது, ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயால் அவராக எப்படிக் கேட்பார்?

மாமாவுக்கு அம்மா இரண்டாம் முறை என்ன செய்வாள் என்று யோசித்தேன். கேட்கவே மாட்டாள். பேசாமல் இலையில் வைத்துவிடுவாள்.

பேசாமல் வைக்க செஸ்ஸில் ஒரு வழி உண்டு. பலகையில் அதே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டம் தானாக டிரா. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் யானையை எடுத்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோனேன். பின்னால் நின்றவன் மெல்ல உச்சுக்கொட்டினான். அவன் உச்சுக்கொட்டியதிலும் நியாயம் இருந்தது. பெரியவருக்கு ஜெயிக்கும் எண்ணம் இருந்தால், நான் வீணாக்கிய அந்த ஒரு நகர்த்தலில் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிடலாம். அப்புறம் நான் சமாளிப்பது கஷ்டம்.

அவர் கடிகாரம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. தாயீ பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு பெரியவரின் ராஜா ஒரு கட்டம் பின்னால் நகர்ந்தது, முன்பு நின்ற அதே கட்டத்துக்கு.

நான் யானையை மறுபடி முன்னால் வைத்தேன். அவர் ராஜாவை முன்னால் வைத்தார். நான் பின்னால், அவர் பின்னால். இந்த முறை அவர் யோசிக்கக்கூட இல்லை, என் கை எடுப்பதற்குள் நகர்த்தினார். மூன்றாம் முறை அதே நிலை வந்ததும் திரையில் பெரிய எழுத்தில் ஆட்டம் டிரா என்று விழுந்தது. அறையில் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பயமுறுத்திட்டியேடா என்று மராத்தியில் திட்டினான்.

உடனே சென்னையிலிருந்து ஃபோன். பெரியவர்தான். தாயீ எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னொரு தரம் கேப்பீங்கன்னு பாத்தேன் தம்பி. கேக்கவே இல்லியே."

"ரெண்டாவது கேட்டா தோத்ததா கணக்கு சார். மெயில்ல இருந்துதே."

"அந்த மெயிலா. நான் எங்க படிச்சேன்." அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்லவேளை, யானைய திருப்பி வச்சீங்க. எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு. சரி, கேடயம் மொத ஆறு மாசம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஐயோ, வேணாம் சார். பெரியவங்க நீங்க இருக்கும்போது…"

என்ன சொல்கிறார் என்று தாயீ என் தோளைத் தட்டிக் கேட்டார். கேடயத்தை முதலில் நம்மிடம் தருவதாகச் சொல்கிறார், நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் நாற்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, ரொம்ப நன்றி சார், திங்கட்கிழமை கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்.

பாவம், பெரியவர் இன்னும் இரண்டு தரமாவது சொல்லத் தயாராக இருந்திருப்பார்.