பாம்பு என்று எழுதிய மனு

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் எனக்கென்று ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு, காலையில் நடந்து முடித்ததும் அதில்தான் உட்காருவேன். இரண்டு வருடங்களுக்கு முன் கரையோரத்துச் சம்புப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஏரியை மறைத்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆவடியில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். எந்தச் சொல்லைப் படித்தால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார் என்று தெரியும். ‘நடைபாதையில் பாம்பு நடமாட்டம், முதியோர், குழந்தைகள் உயிருக்கு ஆபத்து’ என்று எழுதி, ‘இப்படிக்கு, பொதுமக்கள்’ என்று முடித்து, ஏரியைப் பராமரிக்கும் துறைக்குத் தபாலில் போட்டேன். அந்தக் கரையில் நான் ஒரு பாம்பைக்கூடப் பார்த்ததில்லை.

சில நாட்களில் பொக்லைன் வந்தது. அரை நாளில் கரை மொட்டையானது. மறுநாள் ஒரு நீலத் தாழைக்கோழி, சிவப்பு அலகில் ஒரு சம்புத் தண்டைக் கவ்விக்கொண்டு வெறும் சேற்றில் இங்கும் அங்கும் நடந்தது. அதன் கூடு அங்கேதான் இருந்திருக்கிறது. என் பெஞ்சிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

நடக்க வருகிறவர்களில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண் ஒருவர் தினமும் கேமராவோடு வருவார். உடைந்து கிடந்த முட்டைகளைப் பார்த்து அழுதார். யாரோ மனு கொடுத்ததால்தான் வெட்டுவதாகப் பொக்லைன்காரர் சொல்லியிருந்தார். பிறகு, அந்த இடத்தில் வழக்கமாகத் தூண்டில் போடும் மனிதரிடம் திரும்பினார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், அவருடைய அப்பா இந்த ஏரித் தண்ணீரில் நடவு நட்டவர், இவர் அம்பத்தூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்.

“தூண்டில் போட எடம் வேணும்னு நீங்கதானே மனு குடுத்தீங்க?”

“எனுக்கு இன்னாத்துக்கும்மா மனு? புல்லு இருந்தாதான் மீனே ஒதுங்கும்.”

யாரும் நம்பவில்லை. நானும் அங்கேதான் நின்றேன்; வாயைத் திறக்கவில்லை. அன்றோடு தூண்டில்காரர் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

அதன்பின் என்னாலும் பெஞ்சில் உட்கார முடியவில்லை. மூன்று வாரம் கழித்து, எதிர்க்கரை மதகில் தூண்டிலோடு இருந்தவரிடம் போய், மனு எழுதியது நான்தான், பாம்பு என்று பொய் எழுதினேன் என்றேன்.

அவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ பாத்தியா சார் பாம்ப?”

“இல்லப்பா.”

“இங்கியே பொறந்து வளந்தவன் நானு. நானே எப்பனாச்சும்தான் பாத்துகீறேன். அதுவும் தண்ணிப் பாம்பு, உன்னக் கண்டா அது ஓடிடும்.” தூண்டிலைச் சற்று இழுத்துப் பார்த்துவிட்டு, “எங்கைல சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்தம்மா கைல சொல்லு. எழுதத் தெரிஞ்ச ஆளுதான நீ, இன்னொண்ணு எழுது. வேரு உள்ளதான் கீது. மிதிக்காம வுட்டா தன்னால வந்துரும்” என்றார்.

மறுநாள் காலை அருகம்புல் ஜூஸ் வண்டியருகே எல்லோரும் கூடியிருந்தபோது தபாலில் போடும் முன் புது மனுவைப் படித்துக் காட்டினேன். முதல் வரியே, முந்தைய மனு பொய் என்பது; அடுத்தது, புல்லை இனி வெட்ட வேண்டாம் என்பது. கீழே என் பெயர், கதவு எண், கையெழுத்து.

“நீங்களா அங்கிள்?” என்றார் அந்தப் பெண். நேரே மதகுக்கு நடந்து போய்த் தூண்டில்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். என் முகத்தைப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அது நியாயம்தான்.

ஆனால் சேற்றில் கால் படாமலிருக்கச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியபோது, ஒரு முனையை அவரே பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பொக்லைன் மறுபடி வரவில்லை. இரண்டு மழைக்காலத்தில் சம்பு என் தலைக்கு மேல் போய்விட்டது. போன வாரம் தாய்க்கோழியின் பின்னால் மூன்று கறுப்புக் குஞ்சுகள் அதற்குள் நுழைந்ததை அந்தப் பெண் படமெடுத்து என்னிடம் காட்டினார்.

தூண்டில்காரரும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார். இன்று காலை பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், ஏரி தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலப்பா.”

“அப்ப சரி” என்று தூண்டிலை வீசினார்.